நேரலை ஸ்கெட்ச் காமெடி எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? சாட்டர்டே நைட் லைவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சினிமா விமர்சனம் எழுதிப் பழகியவர்கள், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக வரும் நகைச்சுவை நிகழ்ச்சியான சாட்டர்டே நைட் லைவ் போன்ற ஒன்றுக்கு எழுத உட்காரும்போது கொஞ்சம் தடுமாறுவார்கள். படத்துக்கு ஒரு கதை இருக்கும், ஒரு இயக்குநர் இருப்பார். இங்கே 90 நிமிடத்துக்குள் ஸ்கெட்ச் எனப்படும் எட்டுப் பத்துக் குட்டி நாடகங்கள், ஒரு கேலிச் செய்திப் பகுதி, இரண்டு பாட்டு. ஒவ்வொரு ஸ்கெட்சையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒன்று பிரமாதமாக இருக்கும், அடுத்தது அப்படியே படுத்துவிடும், அதற்கடுத்தது பாதி வரை நன்றாகப் போய் முடிவில் சொதப்பும். இதையெல்லாம் சேர்த்து “சூப்பர்” என்றோ “மொக்கை” என்றோ ஒரே சொல்லில் அடைக்க முடியாது. “முதலில் இது வந்தது, அப்புறம் அது வந்தது” என்று வரிசையாகக் கதை சொன்னாலும் அது விமர்சனம் ஆகாது.

சிரிப்பு எங்கிருந்து வந்தது, வராத இடத்தில் ஏன் வரவில்லை என்று காட்டுவதுதான் இந்த வகை விமர்சனத்தின் முக்கியமான வேலை என்று நான் நினைக்கிறேன். எழுத்திலிருந்து வந்ததா, நடிப்பிலிருந்து வந்ததா, நேரலையில் தற்செயலாக நடந்த ஏதோ ஒன்றிலிருந்து வந்ததா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கான வழிதான் கீழே இருக்கிறது.

முதலில், அந்த ஒரு வாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிகழ்ச்சி 1975 அக்டோபர் 11 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. உருவாக்கியவர் லார்ன் மைக்கேல்ஸ். ஒவ்வொரு எபிசோடையும் நடத்த விருந்தினராக வரும் பிரபலத்தை ஹோஸ்ட் என்பார்கள். முதல் ஹோஸ்ட் நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லின். இன்றைக்கும் நியூயார்க்கின் 30 ராக்ஃபெல்லர் பிளாசா கட்டடத்தில் உள்ள ஸ்டுடியோ 8எச்சில் இருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் இசை நடத்துநர் டொஸ்கானினி நடத்திய என்பிசி சிம்பொனி இசைக்குழுவின் வானொலிக் கச்சேரிகள் நடந்த அரங்கம் அது. சனிக்கிழமை இரவு, கிழக்கு அமெரிக்க நேரப்படி 11:30க்குத் தொடங்கி 1 மணிக்கு முடியும்.

அந்த 90 நிமிடத்துக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஆறே நாள். திங்கட்கிழமை லார்ன் மைக்கேல்ஸின் அறையில் எழுத்தாளர்களும் நடிகர்களும் அந்த வார ஹோஸ்டைச் சந்தித்து யோசனைகளைச் சொல்வார்கள். செவ்வாய் இரவு முழுக்க எழுத்து, பெரும்பாலும் விடியும் வரை. புதன்கிழமை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சுமார் 40 ஸ்கிரிப்டுகளை வாய்விட்டுப் படிப்பார்கள். அதில் ஒரு டஜன் போலத் தேறும். அன்றைக்கே செட் வேலை தொடங்கிவிடும். வியாழனும் வெள்ளியும் ஒத்திகை, திருத்தி எழுதுதல், முன்கூட்டியே படம்பிடிக்க வேண்டியவற்றின் படப்பிடிப்பு. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு உண்மையான பார்வையாளர்கள் முன்னால் டிரெஸ் ரிஹர்சல், அதாவது முழு வேடத்தோடு கடைசி ஒத்திகை, நடக்கும். தேவைக்கு மேலேயே ஸ்கெட்ச்கள் அதில் இருக்கும். எது சிரிக்க வைத்தது, எது வைக்கவில்லை என்று பார்த்து, ஒளிபரப்புக்குச் சற்று முன்னால் சிலவற்றை வெட்டி, வரிசையை மாற்றி, வசனங்களைத் திருத்தி, 11:30க்கு நேரலைக்குப் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் விமர்சகர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இரக்கப்பட்டு மதிப்பெண் போடுவதற்காக இல்லை. நீங்கள் பார்ப்பது என்ன என்று சரியாக அடையாளம் காண்பதற்காக. ஒரு உதாரணம் சொல்கிறேன். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் கவனிக்கும் ஒரு விஷயம், நடிகர்களின் கண் எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் கொஞ்சம் விலகிப் போவது. அவர்கள் க்யூ கார்டைப் படிக்கிறார்கள். பெரிய அட்டைகளில் கையால் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்திருப்பார்கள். கடைசி நிமிடம் வரை வசனம் மாறிக்கொண்டே இருப்பதால் மனப்பாடம் செய்வது நடக்காத காரியம், செய்தால் ஆபத்தும்கூட. ஆகவே “கார்டைப் பார்த்துப் படித்தார்” என்று எழுதுவது ஒரு கண்டுபிடிப்பே இல்லை. கார்டைப் பார்த்ததால் டைமிங் கெட்டதா என்பதுதான் எழுத வேண்டியது. நல்ல நடிகர் கார்டைப் படித்துக்கொண்டே எதிராளிக்குப் பதில் சொல்வது போல நம்ப வைப்பார். அனுபவமில்லாத ஹோஸ்ட் கார்டிலேயே கண்ணைப் புதைத்துவிடுவார், எதிரில் இருப்பவரின் வசனம் முடிந்ததும் அரை நொடி வெற்றிடம் விழும். அந்த அரை நொடியில் சிரிப்பு செத்துவிடும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

எபிசோடின் வரைபடம்

நிகழ்ச்சியின் அமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. தொடக்கத்தில் கோல்டு ஓப்பன், அதாவது டைட்டிலுக்கு முன்பே வரும் ஸ்கெட்ச், பெரும்பாலும் அந்த வார அரசியல். அது முடியும்போது யாராவது ஒருவர் கேமராவைப் பார்த்து, நியூயார்க்கிலிருந்து நேரலை, இது சனிக்கிழமை இரவு என்று கூவுவார். பிறகு டைட்டில், மோனோலாக் எனப்படும் ஹோஸ்டின் தொடக்கப் பேச்சு, இரண்டு மூன்று ஸ்கெட்ச், முதல் பாட்டு, வீக்கெண்ட் அப்டேட் என்ற செய்திப் பகுதி, மறுபடியும் ஸ்கெட்ச்கள், இரண்டாவது பாட்டு, கடைசியாக ஒன்றோ இரண்டோ ஸ்கெட்ச், எல்லோரும் மேடையில் நின்று விடைபெறுதல்.

ஒரு ஸ்கெட்ச் எந்த இடத்தில் வந்தது என்பதும் ஒரு தகவல்தான், அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். மோனோலாக்குக்கு அடுத்து வருவது பெரும்பாலும் டிரெஸ் ரிஹர்சலில் நன்றாக எடுபட்டதாக, எல்லோருக்கும் புரிவதாக இருக்கும். இரவு 12:50 மணிவாக்கில் வரும் கடைசி ஸ்கெட்சின் கதை வேறு. அந்த நேரத்தில் விழித்திருப்பவர்களுக்கென்றே எழுதியது போல, விநோதமான, சிலருக்கு மட்டுமே பிடிக்கக்கூடிய யோசனைகள் அங்கேதான் வரும். நான் அந்த இடத்தை ஆவலோடு காத்திருந்து பார்ப்பேன். கூட்டம் குறைவாகச் சிரித்தாலும் எழுத்தாளரின் தனிக்குரல் அங்கேதான் துணிந்து கேட்கிறது. அந்த ஸ்கெட்சை மோனோலாக்குக்கு அடுத்து வந்ததன் அளவுகோலை வைத்து அளப்பது நியாயமில்லை.

எப்படிப் பார்ப்பது

முடிந்தவரை முழு எபிசோடாகப் பாருங்கள், வரிசை மாறாமல். மறுநாள் யூடியூபில் துண்டு துண்டாகப் பார்ப்பது ரசிகருக்குப் போதும், விமர்சகருக்குப் போதாது. மூன்று ஸ்கெட்ச் தொடர்ந்து டிவி நிகழ்ச்சிகளைக் கேலி செய்பவையாக வந்தால் ஏற்படும் சலிப்பு துண்டுகளில் தெரியாது. ஹோஸ்ட் பாதி நிகழ்ச்சியில் காணாமல் போனதும் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. மறுஒளிபரப்பில் சில சமயம் நேரலைப் பதிவை எடுத்துவிட்டு, டிரெஸ் ரிஹர்சலில் பதிவான நல்ல பிரதியை வைத்துவிடுவார்கள். நீங்கள் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று தெரியாமல், நடிகர் வசனத்தில் தடுமாறினார் என்றோ தடுமாறவில்லை என்றோ எழுதினால் வாசகர் குழம்பிப் போவார். முதல் ஒளிபரப்பைப் பார்ப்பதே நல்லது.

முதல் தடவை பார்க்கும்போது மிகக் குறைவாக எழுதுங்கள். ஒவ்வொரு ஸ்கெட்சுக்கும் ஒரு வரி போதும்: தொடங்கிய நேரம், யார் யார் இருந்தார்கள், யோசனை என்ன, எப்படி முடிந்தது. இவற்றோடு, நீங்கள் உண்மையில் வாய்விட்டுச் சிரித்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இது ரொம்ப முக்கியம். இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து யோசித்தால், மற்றவர்கள் பாராட்டியதையெல்லாம் நாமும் ரசித்தது போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். அந்தக் கோடுதான் உங்கள் சாட்சி. எழுதி முடிக்கும் வரை மற்ற விமர்சனங்களையும் சமூக ஊடகப் பேச்சையும் பார்க்காமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அரங்கத்தின் ஒலியையும் பிரித்துக் கேளுங்கள். சிரிப்பு வேறு, கைதட்டல் வேறு, உற்சாகக் கூச்சல் வேறு. கோல்டு ஓப்பனில் பிரபல நடிகர் ஒருவர் திடீரென்று உள்ளே வந்தால் அரங்கமே அதிரும். ஆனால் அது ஆளைப் பார்த்த மகிழ்ச்சி, நகைச்சுவைக்குக் கிடைத்த பதில் இல்லை. அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு அவர் பேசிய முதல் வசனத்துக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அரசியல் கருத்துக்குக் கிடைக்கும் கைதட்டலும் அப்படித்தான், அது ஒப்புதல். மூன்று நிமிடம் முழுக்கக் கைதட்டல் மட்டுமே வாங்கிய ஒரு அரசியல் ஸ்கெட்சில் ஒரு ஜோக்கும் இல்லாமல் இருக்கலாம். அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

இரண்டாவது தடவை, கோடு போட்ட இடங்களையும் படுத்துப்போன இடங்களையும் மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

ஒரு ஸ்கெட்சைப் பிரித்துப் பார்ப்பது

இதுதான் வேலையின் மையம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்கெட்ச் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு வேடிக்கையான யோசனை. அதைச் சீக்கிரம் புரிய வைத்து, படிப்படியாக ஏற்றி, ஏறிய உயரத்திலிருந்து எப்படியாவது இறங்க வேண்டும். மூன்று கேள்வி கேளுங்கள். யோசனை எந்த நொடியில் புரிந்தது? அதன் பிறகு அது வளர்ந்ததா, அதே இடத்தில் சுற்றியதா? முடிவு இருந்ததா, வெறுமனே நின்றதா?

2000 ஏப்ரல் 8 அன்று கிறிஸ்டோஃபர் வாக்கன் ஹோஸ்டாக இருந்த எபிசோடில் வந்த கௌபெல் ஸ்கெட்சை எடுத்துக்கொள்வோம். எழுபதுகளின் ராக் இசைக்குழு ஒன்று ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்கிறது. வில் ஃபெரல் கௌபெல் என்ற மணி போன்ற தாளக் கருவியைப் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். பாட்டையே மூழ்கடிக்கும் சத்தம். குழுவில் மற்றவர்களுக்கு எரிச்சல், பதிவை நிறுத்துகிறார்கள். இவ்வளவு மட்டும் என்றால் “ஒருவன் சத்தம் போடுகிறான், மற்றவர்கள் கோபப்படுகிறார்கள்” என்ற சாதாரண காட்சி. ஆனால் புகழ்பெற்ற தயாரிப்பாளராக வரும் வாக்கன், அந்தச் சத்தம் இன்னும் வேண்டும் என்கிறார். அந்த அறையில் யாருடைய சொல்லுக்கு அதிகாரம் இருக்கிறதோ அவரே தப்பான பக்கம் சேர்ந்துகொள்கிறார். யோசனை அந்த இடத்தில்தான் பிறக்கிறது. இனி குழுவினரால் எதுவும் செய்ய முடியாது.

அடுத்து ஏற்றம். தயாரிப்பாளர் ஊக்கப்படுத்த ஊக்கப்படுத்த ஃபெரல் இடத்தை விட்டு நகர்ந்து, மற்றவர்களின் முகத்துக்கு அருகில் போய்த் தட்டுகிறார். சட்டையோ அவருக்குச் சின்னதாகிவிட்டது, வயிறு தெரிகிறது. உடம்பாலேயே காட்சியை ஒரு படி மேலே தூக்குகிறார். வாக்கனோ ஒரு துளிகூடச் சிரிக்காமல், தொழில்முறை இசை ஆலோசனை சொல்லும் தொனியில் பேசுகிறார். ஒருவர் பொங்கவும் ஒருவர் அசையாமல் இருக்கவும் நடுவில் குழுவினர் மாட்டிக்கொள்ளவும் என்று மூன்று தொனியும் தனித்தனியாகக் காப்பாற்றப்படுவதால் காட்சி கலைந்து போகவில்லை. முடிவில் ஃபெரல் உருக்கமாக ஒரு பேச்சுப் பேச, எல்லோரும் மனம் மாறி வாசிக்க, படம் உறைந்து நினைவஞ்சலி எழுத்து வருகிறது. அவ்வளவு அபத்தத்துக்குப் பிறகு ஆவணப்படம் மாதிரியான அந்த கம்பீரம் பொருத்தமான இறக்கம்.

இப்படிப் பார்க்கப் பழகினால் “வாக்கன் கலக்கினார்” என்று எழுதி நிறுத்த மனசு வராது. “எல்லோரும் எதிர்க்கும் சத்தத்துக்கு அறையில் மிக முக்கியமான ஆளே ஆதரவாகிவிடுவதுதான் இதன் வேடிக்கை, வாக்கன் அதைச் சிரிப்பே இல்லாமல் செய்ததால்தான் ஃபெரலால் அவ்வளவு தூரம் போக முடிந்தது” என்று எழுதுவீர்கள். ஸ்கெட்சைப் பார்க்காதவருக்கும் இந்த வாக்கியத்தில் ஏதோ கிடைக்கும்.

தோல்வியடைந்த ஸ்கெட்சுக்கும் இதே உழைப்பைக் கொடுங்கள். பெரும்பாலான தோல்விகள் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். யோசனை முதல் நிமிடத்திலேயே புரிந்து, மீதி நாலு நிமிடமும் அதையே திரும்பச் சொல்வது. ஒரே ஸ்கெட்சில் இரண்டு யோசனை புகுந்து ஒன்றையொன்று கெடுப்பது. பைத்தியக்காரத்தனமான கதாபாத்திரத்தைச் சுற்றி இருப்பவர்களும் பைத்தியமாக இருப்பது. நிதானமான ஒருவர் இல்லாவிட்டால் எது விநோதம் என்றே தெரியாது. முடிவு இல்லாமல் இசையைப் போட்டுக் கேமராவை விலக்குவது இந்த நிகழ்ச்சியில் ரொம்ப சகஜம், அதை மட்டும் வைத்து ஒரு நல்ல ஸ்கெட்சைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

நடிகர் சிரித்துவிட்டால்

நேரலையில் நடிகர்கள் அடக்க முடியாமல் சிரித்துவிடும் தருணங்கள்தான் மறுநாள் அதிகம் பகிரப்படும். லார்ன் மைக்கேல்ஸுக்கு அது பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். ரசிகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். விமர்சகர் இரண்டு பக்கமும் சாயாமல், அந்தச் சிரிப்பு ஸ்கெட்சுக்கு என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

2004 மே 1 அன்று லிண்ட்சே லோஹன் ஹோஸ்டாக இருந்தபோது டெபி டவுனர் என்ற கதாபாத்திரம் முதன்முதலில் வந்தது. குடும்பமே டிஸ்னி வேர்ல்டில் குதூகலமாக உட்கார்ந்திருக்க, ரேச்சல் டிராட்ச் நோய், விபத்து என்று சோகச் செய்தியாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தடவையும் டிராம்போன் ஒலிக்கும், கேமரா அவர் முகத்தை நெருங்கும், அவர் சோகமாகக் கேமராவைப் பார்க்க வேண்டும். டிராட்ச் சிரித்துவிட்டார், சுற்றி இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அது ஏன் கெடுக்கவில்லை? ஸ்கெட்சின் அமைப்பே அவருடைய முகத்தைத் திரும்பத் திரும்ப அருகில் காட்டுவதுதான். அடுத்த தடவை கேமரா வரும்போது அடக்குவாரா மாட்டாரா என்ற தவிப்பு, எழுதப்பட்ட ஏற்றத்தின் மேலே இன்னொரு ஏற்றமாகச் சேர்ந்துகொண்டது.

2024 ஏப்ரல் 13 அன்று ரயன் காஸ்லிங் எபிசோடில் நடந்ததும் நினைவிருக்கும். செயற்கை நுண்ணறிவு பற்றிய கலந்துரையாடலில் பார்வையாளர் வரிசையில் பீவிஸ், பட்ஹெட் என்ற கார்ட்டூன் கதாபாத்திரங்களின் முகங்களோடு காஸ்லிங்கும் மைக்கி டேயும் உட்கார்ந்திருப்பார்கள். செய்தியாளராக வந்த ஹெய்டி கார்ட்னர் திரும்பி மைக்கி டேயின் முகத்தைப் பார்த்ததும் பேச்சே வராமல் சிரித்துவிட்டார். அங்கே நிதானமாக இருக்க வேண்டிய ஆளே உடைந்துபோனார். ஆனால் யோசனையே “இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது” என்பதுதானே, அவருடைய சிரிப்பு அதற்கு நிரூபணம் ஆகிவிட்டது. 2003 முதல் குழுவில் இருக்கும் கெனன் தாம்ப்சன் காட்சியை விடாமல் நகர்த்திக்கொண்டு போனார். அதையும் எழுதுவதுதான் நியாயம்.

இவற்றுக்கு மாறாக, சரக்கில்லாத ஸ்கெட்சில் நடிகர்கள் சிரித்து, அதனால் அரங்கம் சிரிப்பதும் நடக்கும். சிரிப்பை எடுத்துவிட்டால் ஏதாவது மிஞ்சுகிறதா என்று யோசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முன்கூட்டியே படம்பிடித்தவை

2005 டிசம்பர் 17 அன்று வந்த “லேஸி சண்டே” என்ற ராப் வீடியோ இணையத்தில் பரவிய வேகத்துக்குப் பிறகு, படம்பிடித்த குறும்படங்களுக்கு நிகழ்ச்சியில் தனி மதிப்பு வந்துவிட்டது. எடிட்டிங் உண்டு, மறுபடி எடுக்கும் வசதி உண்டு. நேரலையின் ஆபத்து இல்லை. எனவே நேரலை ஸ்கெட்சையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரு எபிசோடில் நல்லதெல்லாம் படம்பிடித்தவையாகவே இருந்தால், அது எபிசோடைப் பற்றிய முக்கியமான கவனிப்பு, முதல் பத்தியிலேயே சொல்லத் தக்கது.

அரசியல் கேலி

கோல்டு ஓப்பன் எந்த நிகழ்வைக் கேலி செய்கிறதோ அதன் அசலை முதலில் பார்த்துவிடுங்கள். விவாதமோ பேட்டியோ எதுவாக இருந்தாலும் சரி. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினாக டினா ஃபே நடித்ததை எல்லோரும் மிமிக்ரிக்காகப் பாராட்டினார்கள். அந்தச் செப்டம்பர் 27 எபிசோடில், செய்தியாளர் கேட்டி கூரிக் பேலினிடம் எடுத்த பேட்டியைக் கேலி செய்த ஸ்கெட்சில், பேலின் உண்மையிலேயே சொன்ன சில வாக்கியங்கள் ஏறத்தாழ அப்படியே வந்தன. அசலைப் பார்த்தவருக்குத்தான் எது எழுத்தாளர் வேலை, எது தேர்ந்தெடுத்து எடுத்து வைத்த வேலை என்று தெரியும்.

குரல் அச்சு அசலாக இருப்பது மட்டும் போதாது. அந்த அரசியல்வாதியைப் பற்றி ஸ்கெட்ச் என்ன கருத்து வைத்திருக்கிறது என்று தேடுங்கள். ஒன்றுமே இல்லை, அந்த வாரச் செய்தியைத் திரும்பச் சொன்னார்கள் அவ்வளவுதான் என்றால், அதைச் சொல்லுங்கள். கேலிக்குள்ளானவர் உங்களுக்குப் பிடிக்காத ஆள் என்பதற்காக மோசமான ஸ்கெட்சைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், பிடித்த ஆள் என்பதற்காக நல்லதை அமுக்கவும் வேண்டாம்.

வீக்கெண்ட் அப்டேட், ஹோஸ்ட், இசை

முதல் சீசனில் செவி சேஸ் தொடங்கிய செய்திப் பகுதியை 2014 முதல் கோலின் ஜோஸ்ட்டும் மைக்கேல் சேவும் நடத்துகிறார்கள். இங்கே அலகு ஸ்கெட்ச் இல்லை, தனித்தனி ஜோக். செய்தி ஒரு வரி, திருப்பம் ஒரு வரி. எல்லாவற்றையும் எடுத்து எழுதினால் ஜோக்கும் போச்சு, விமர்சனமும் போச்சு. ஒன்றோ இரண்டோ போதும், அதுவும் எந்தத் திசையில் திரும்பியது என்று காட்டுவதற்கு மட்டும். டிசம்பரிலும் சீசன் கடைசியிலும் ஒருவர் எழுதிய ஜோக்கை இன்னொருவர் முன்கூட்டிப் பார்க்காமல் படிக்கும் பகுதி வரும். அதில் ஜோக்கைவிடப் படிப்பவரின் முகம் முக்கியம்.

இந்தச் செய்தி மேஜைக்கு விருந்தினராக வரும் கதாபாத்திரங்களைத் தனியாகக் கவனியுங்கள். பில் ஹேடர் நடித்த ஸ்டெஃபான் அதற்கு நல்ல பாடம். உடன் எழுதிய ஜான் முலானி, ரிஹர்சலுக்குப் பிறகு கார்டில் சில வரிகளை மாற்றிவிடுவார். ஹேடர் அதை நேரலையில்தான் முதல் தடவை பார்ப்பார். கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குவது அந்தக் கதாபாத்திரத்தின் பாவனையாகவே ஆகிவிட்டது.

ஹோஸ்டைப் பற்றி ஒரு கேள்வி போதும்: இவர் இல்லாவிட்டால் இந்த எபிசோட் வேறாக இருந்திருக்குமா? 2010 மே 8 அன்று 88 வயதில் வந்த நடிகை பெட்டி வைட் போல, ஒவ்வொரு ஸ்கெட்சும் தன்னைச் சுற்றியே எழுதப்படும்படி செய்பவர்கள் உண்டு. விளையாட்டு வீரரையும் பாடகரையும் தேர்ந்த நடிகரின் அளவுகோலால் அளக்க வேண்டாம். எழுத்தாளர்கள் அவருக்கு ஏற்றதைக் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

இசைக்கு ஒரு பத்தி. இசை தெரிந்தவர் என்றால் கூடுதலாக எழுதலாம்.

எழுதும்போது

முதல் பத்தியில் தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள். எது எபிசோடைத் தூக்கியது, எது கீழே இழுத்தது. பிறகு ஒளிபரப்பான வரிசையில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. மிகச் சிறந்த ஸ்கெட்சுக்கு இரண்டு பத்தி கொடுங்கள். நடுத்தரமானவற்றை ஒரே பத்தியில் ஒன்றாகத் தள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் சமமாக நாலு வரி கொடுக்கும் விமர்சனம் எதையுமே சொல்லாது.

ஸ்கெட்சின் யோசனையை இரண்டு வாக்கியத்துக்கு மேல் விவரிக்காதீர்கள். அதற்கு மேல் போனால் நீங்கள் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசித் திருப்பம் ஒன்றில்தான் ஸ்கெட்சின் உயிர் இருக்கிறது என்றால் அதை மறைத்துவிட்டு, “முடிவு அதுவரை வந்த எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது” என்கிற அளவில் நிறுத்துங்கள்.

மதிப்பெண் போடுவதாக இருந்தால் சராசரி எடுக்க வேண்டாம். ஏழு சுமாரான ஸ்கெட்சும், பல வருடம் பேசப்படப் போகிற ஒரே ஒரு ஸ்கெட்சும் இருந்த எபிசோடுதான், எட்டும் பரவாயில்லை ரகமாக இருந்ததைவிட எனக்கு உயர்வு. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம், ஆனால் எந்தக் கணக்கில் போடுகிறீர்கள் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

இந்த நிகழ்ச்சியில் எந்த ஸ்கெட்சை யார் எழுதியது என்று திரையில் வராது. எழுத்தாளர்கள் பெயர் மொத்தமாகத்தான் வரும். சில சமயம் அவர்களே பிற்பாடு வெளியில் சொல்வார்கள். அப்படித் தெரிந்தால் பெயரைப் போடுங்கள், விடியவிடிய உட்கார்ந்து எழுதியவருக்கு அது சேர வேண்டும். தெரியாவிட்டால் ஊகித்துப் போடாதீர்கள், நடிகரே எழுதியது போலவும் எழுதிவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்த நடிகருக்கு ஒரு எபிசோடில் ஒரே ஒரு வசனம்தான் கிடைத்திருக்கும். அதை அவர் நன்றாகச் செய்திருந்தால் ஒரு வரி ஒதுக்குங்கள். நடிப்பைப் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம். உடம்பைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பேச வேண்டியதில்லை.

வெளியிடுவதற்கு முன்பு

பெயர்களின் உச்சரிப்பை டைட்டிலில் அறிவிப்பாளர் சொல்வதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். தேதி, சீசன், ஹோஸ்ட், இசைக்குழு ஆகியவற்றை ஒரு தடவை சரிபாருங்கள். நேரம் போதாமல் வெட்டப்பட்ட ஸ்கெட்ச்களை நிகழ்ச்சியின் அதிகாரப்பூர்வ யூடியூப் சேனலில் போடுவது வழக்கம். அதையும் பாருங்கள். ஒளிபரப்பான ஒன்றைவிட வெட்டப்பட்டது நன்றாக இருந்தால் அது எழுத வேண்டிய செய்தி, ஆனால் எபிசோடின் மதிப்பீட்டில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

இன்னொன்று, ஒரு நோட்டில் திரும்ப வரும் கதாபாத்திரங்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எப்போது வந்தது, அப்போது வேடிக்கை எது, இந்தத் தடவை புதிதாக என்ன சேர்த்தார்கள் என்று மூன்று குறிப்பு. நாலாவது தடவை அதே கதாபாத்திரம் வரும்போது, அரங்கம் பழைய நண்பரைப் பார்த்த சந்தோஷத்தில் கைதட்டும். ஸ்கெட்சில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பட்டியலைப் புரட்டினால் தெரிந்துவிடும்.